மலை ஜீப்பின் இடது பக்கத் தகடு: ஒரு எபாக்ஸி வேலை தோற்ற கதையும் நின்ற கதையும்

ஆகஸ்ட் கடைசி. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்து ஜீப், சேலத்தில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பும் வழியில் என் பட்டறை முன்னால் நின்றது. இடது பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் உப்பியிருந்தது. "அண்ணா, போன வருசம்தான் வேற ஒரு இடத்துல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சோம். ஒரு மழைக்குக்கூடத் தாங்கலைங்க" என்றார் டிரைவர். உப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் உள்ளே அமுங்கியது. விரலை எடுத்ததும் கீழ் ஓரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரே கோடாக வழிந்து டயரில் சொட்டியது.

இந்தத் தகட்டில் நான் இரண்டு முறை வேலை செய்தேன். முதல் முறை போட்ட எபாக்ஸி, அதாவது ரெசின் என்ற பிசினும் ஹார்டனர் என்ற இறுக்கியும் கலந்து போடும் பூச்சு, ஐந்தே மாதத்தில் கொப்புளம் விட்டது. அந்தக் கொப்புளத்தைப் பிரித்துப் பார்த்த அன்று கற்றுக்கொண்டதுதான் இரண்டாவது வேலையை நிற்க வைத்தது. தகரவேலை செய்யும் தம்பிகளுக்கும், சொந்த வண்டியைத் தானே சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட்டிக்குள் என்ன இருந்தது

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் என் மேசையில் இருக்கும். பெயின்ட் போன தகட்டைப் பார்க்கும்போது முதலில் எடுப்பது அதைத்தான். சக்கர வளைவுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் பிடிக்காமல் வழுக்கியது. உளியை வைத்து லேசாகத் தட்டியதும் பட்டி அப்பளம் போலப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஒரு பாளத்தை வெர்னியர் அளவுகோலில் வைத்தேன்: 5 மி.மீ. தடிப்பு. அதன் உட்புறம் முழுக்கத் துருப்பொடி அப்பியிருந்தது. அதாவது பட்டி இரும்பைப் பிடிக்கவே இல்லை. இரும்பின் மேலிருந்த துருவைத்தான் பிடித்திருந்தது. துரு இரும்பை விட்டு உரிந்தபோது பட்டியும் கூடவே வந்துவிட்டது.

அது நாம் எல்லோரும் அன்றாடம் எடுக்கும் சாதாரண பாலியஸ்டர் பட்டி. அதைக் குறை சொல்ல மாட்டேன். சுத்தமான தகட்டில் சின்ன நெளிவை நிரப்ப அதைவிட வேகமான பொருள் கிடையாது. ஹார்டனர் கலந்து இருபது நிமிடத்தில் தேய்க்கலாம். பாலியஸ்டர் ரெசினில் டால்க் பொடி கலந்து செய்வது அது. சேலத்துக் கல்சட்டி செய்யும் மாக்கல்லிலும் பெரும்பகுதி இருப்பது அதே டால்க்தான். ஆனால் இறுகும்போது அது கொஞ்சம் சுருங்கும். வெறும் இரும்பை எபாக்ஸி பிடிக்கும் அளவுக்குப் பிடிக்காது. உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் இருப்பதால் ஈரத்தையும் மெல்ல மெல்ல உள்ளே விடும். அடியில் துருவை வைத்துக்கொண்டு மலை மழையில் ஓடும் வண்டிக்கு அது போதாது.

பாளங்களை எடுத்துவிட்டு 36 நம்பர் சொரசொரப்பு டிஸ்க் போட்டுத் தேய்த்ததும் தகட்டின் உண்மை முகம் தெரிந்தது. அம்மைத் தழும்பு போல முகம் முழுக்கக் குழி. சில குழி கடுகு அளவு, சில மிளகு அளவு. வெர்னியரின் ஆழக்கம்பி அந்தக் குழிக்குள் நுழையாது. அதனால் தையல் ஊசியைக் குழியில் நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அளந்தேன். தகடு பதினெட்டு கேஜ், புதிதில் 1.2 மி.மீ. அளந்த குழிகளில் ஆழமானவை 0.8 மி.மீ. வரை இறங்கியிருந்தன. அந்த இடத்தில் மிச்சமிருந்த இரும்பு 0.4 மி.மீ. மட்டுமே. சாயங்காலம் இருட்டியதும் பையனை உள்ளே உட்காரச் சொல்லி மொபைல் டார்ச்சைத் தகட்டின் பின்னால் காட்டச் சொன்னேன். பதினோரு இடத்தில் வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிந்தது.

கடல் இல்லாத மலையில் உப்பு எங்கிருந்து?

எனக்கு உறுத்தியது அந்தக் குழிகளின் வடிவம். வெறும் மழையில் நனைந்த தகடு பரவலாகத் துருப்பிடிக்கும். மேல்தோல் மொத்தமாக இளைக்கும். இப்படி ஊசி இறக்கியது போல ஆழமாகக் குழி விழ வேண்டுமென்றால் பெரும்பாலும் உப்பு வேண்டும், குறிப்பாகக் குளோரைடு. கடலோர வண்டியில் பார்த்திருக்கிறேன். ஏற்காடோ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் வெகுதூரம்.

மறுநாள் காலை ஜீப்பின் பின்தளத்தில் விரித்திருந்த கோணிச்சாக்கைத் தூக்கியபோது விடை கிடைத்தது. சாக்கு ஈரமாக, கனமாக இருந்தது. அதன் அடியில், இடது மூலையில், வெளிறிய சிவப்பு நிறத்தில் கொஞ்சம் பொடி கட்டி தட்டிக் கிடந்தது. பொட்டாஷ். காப்பிச் செடிக்கு வைக்கும் பொட்டாஷ் உரத்தின் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடுதான். நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடுக்கு உடன்பிறப்பு. வருடக்கணக்கில் கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது, சாக்கு பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் கரைந்து, தளமும் பக்கத் தகடும் சேரும் மடிப்பில் இறங்கி, பின்பக்கத்திலிருந்து தின்றிருக்கிறது. வெளியே நாம் பார்த்த கொப்புளம் அதன் கடைசிக் கட்டம்.

குழித் துரு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதிக் கதை எளிதாகப் புரியும். குழியின் வாயைத் துரு மூடிக்கொள்கிறது. அடியில் காற்று கிடைப்பதில்லை. காற்றுப்படும் மேல்பரப்பு ஒரு முனையாகவும், காற்றில்லாத குழியடி மறுமுனையாகவும் ஆகி, இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி போலாகிறது. அந்த பேட்டரியில் கரைவது குழியடிதான். கரைந்த இரும்பு சுற்றியுள்ள குளோரைடைத் தன் பக்கம் இழுக்கிறது. இரண்டும் தண்ணீரோடு சேர்ந்து குழிக்குள்ளேயே அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. ஆக மேலே நாம் எவ்வளவு பளபளவென்று தேய்த்தாலும், குழியடியில் ஒரு துளி உப்பு மிஞ்சியிருந்தால் அந்த வட்டம் நிற்காது.

எங்கே பட்டி, எங்கே வெல்டிங்

தோட்டத்துக்காரர் பெரியவர், போனில் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த எபாக்ஸியையே தளத்துக்கும் போட்டுவிட்டா ஆகாதா? தளத்தைக் கழட்டாம முடிஞ்சிடுமே?" ஆகாதுங்க ஐயா என்று சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. எபாக்ஸி எவ்வளவு கெட்டியாக இறுகினாலும் அது இரும்புத் தகடு ஆகிவிடாது. சீட் மாட்டும் இடம், சேசிஸ், சீட்பெல்ட் போல்ட், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், பாரம் ஏறும் தளம் இவையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டிய இடங்கள். பட்டியால் மூடினால் அந்த வண்டியை ஓட்டுபவருக்கு ஆபத்தை மறைத்து வைக்கிறோம் என்று அர்த்தம்.

பக்கத் தகடு அப்படியல்ல. அது மேல்போர்வை. பாரம் தாங்குவதில்லை. குத்தூசியால் அழுத்தினேன், சின்ன சுத்தியால் பின்னாலிருந்து தட்டினேன். நான் பார்க்கும் கணக்கு இது: ஊசி துளைக்கும் இடம் தனித்தனிப் புள்ளியாக இருந்து, சுற்றிலும் இரும்பு கெட்டியாக இருந்தால் எபாக்ஸி. தட்டும்போது தகடு 'டிங்' என்று கேட்காமல் 'பொத்' என்று கேட்டால், அல்லது குத்தூசி இரண்டு விரல்கடைக்குள் மூன்று நான்கு இடத்தில் இறங்கினால், அதை வெட்டிவிட வேண்டும். பக்கத் தகட்டின் கீழ் மடிப்பில் ஒரு சாண் நீளம் 'பொத்' என்றது. அதையும், தளத்தின் மூலையில் ஏறக்குறைய 20-க்கு 30 செ.மீ. துண்டையும் வெட்டி எடுத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் அதே கேஜ் தகடு வாங்கி வளைத்து வெல்டு வைத்தேன். வெல்டிங் முதலில் முடிய வேண்டும், பிறகுதான் எபாக்ஸி. வரிசை மாறினால் வெல்டிங் சூட்டில் எபாக்ஸி கருகும், அந்தப் புகையும் உடம்புக்குக் கெடுதல்.

முதல் முறை

வெல்டிங் மட்டும் சேலத்தில் முடிந்தது. அதற்குள் தோட்டத்திலிருந்து அவசரம். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும், அதற்குள் நிழல் மரக்கிளை கழிக்கிற வேலை இருக்கிறது, வண்டி இல்லாமல் நகராது. சரி, மீதியை மலையிலேயே வந்து முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். செப்டம்பர் மூன்றாவது வாரம் கிரைண்டர், பட்டி பிளேடு, டின்களோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய்த் தோட்டத்துக் கொட்டகையில் வேலை செய்தேன்.

என்ன செய்தேன்? குழிகளைக் கிரைண்டரில் மாட்டும் கம்பிக் கப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். துருநீக்கி ஆசிட் தடவினேன். பாஸ்பாரிக் ஆசிட் கலந்தது. துரு கறுத்தது. துணியால் துடைத்தேன். எபாக்ஸி கலந்து அப்பினேன். மறுநாள் தேய்த்து, பிரைமர், பெயின்ட். இரண்டே நாள். கொட்டகைக்கு வெளியே பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. பக்கத்து மரம் மட்டும்தான் தெரிந்தது. வேலை பார்க்க அழகாகவே இருந்தது.

பிப்ரவரியில் வண்டி வந்தது. சக்கர வளைவின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இரண்டு கொப்புளம்.

இரண்டு கொப்புளம், இரண்டு நோய்

இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்தபோது வேறு வேறு என்று தெரிந்தது.

முதல் கொப்புளத்தைக் கத்தியால் நெம்பியதும் எபாக்ஸி ரப்பர் போல வளைந்து வந்தது. மேலே கல் போல இறுகியிருந்தது. இரும்பைத் தொட்ட அடிப்பக்கம் மட்டும் உருகிய வெல்லம் போலப் பிசுபிசுப்பு. ஐந்து மாதமாகியும் இறுகவில்லை. காரணம் துருநீக்கி ஆசிட். எபாக்ஸியின் ஹார்டனர் அமீன் வகையைச் சேர்ந்தது; அது காரத்தன்மை உள்ளது. நான் கழுவாமல் துணியால் துடைத்து மட்டும் விட்டதால் குழிகளில் தங்கிய ஆசிட் அந்த ஹார்டனரைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிட்டது. மேலே இருந்த எபாக்ஸிக்கு ஹார்டனர் மிச்சம் இருந்தது, அது இறுகியது. அடியில் இருந்தது ஹார்டனர் இல்லாத ரெசினாக நின்றுவிட்டது. 'ஆசிட் போட்டால் துரு சாகும்' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஆசிட்டைக் கழுவி எடுக்க வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டாவது கொப்புளம்தான் என்னை அசர வைத்தது. அது முழுக்க இறுகியிருந்தது. நெம்பியபோது கண்ணாடிச் சில்லு போல உடைந்து வந்தது. கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. சில்லைத் திருப்பி வெயிலில் பிடித்தேன். அடிப்பக்கம் தகட்டின் குழிகளுக்கு அச்சு எடுத்தது போலச் சின்னச் சின்ன முளைகள். எல்லா முளையின் நுனியிலும் ஒரு பழுப்புப் புள்ளி. முளைகளுக்கு நடுவே எபாக்ஸி சுத்தமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. சில்லைத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் புள்ளிக்குப் புள்ளி குழியோடு பொருந்தியது. மேட்டில் எபாக்ஸி இரும்பைப் பிடித்திருக்கிறது. குழியடியில் பிடிக்கவே இல்லை. அங்கே உப்பு இருந்திருக்கிறது. எந்தப் பூச்சும் ஈரத்தை நூறு சதவீதம் தடுப்பதில்லை. மூலக்கூறு அளவில் கொஞ்சம் உள்ளே போகும். அடியில் உப்பு இருந்தால், ஊறப்போட்ட கடலை தண்ணீரை இழுத்து உப்புவது போல, அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறி எபாக்ஸியைத் தூக்கிவிடும்.

கப் பிரஷின் தவறும் அப்போதுதான் உறைத்தது. கப் பிரஷ் கம்பி குழியடிக்குப் போவதில்லை. குழியின் விளிம்பைத் தட்டி மடித்து, உள்ளே இருக்கும் துருவை மெருகேற்றிவிடும். கறுப்பாகப் பளபளக்கும் அந்தத் துருவைப் பார்த்து இரும்பு என்று ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு அந்தத் தகட்டில் சாட்சி இல்லை, ஆனாலும் தவறு தவறுதான். அன்று கொட்டகையில் காற்று 19 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாது. அந்தக் கணக்கில் பனித்துளி கட்டும் வெப்பநிலை 17 டிகிரிக்குச் சற்று மேல். பூச்சு வேலைக்கான பொது விதி, இரும்பின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற தகடு அந்த அளவுக்கு வந்திருக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல்தான் நான் எபாக்ஸி பூசியிருக்கிறேன்.

இரண்டாவது முறை: ஏப்ரல், சேலம்

இந்த முறை வண்டியை ஒரு வாரம் விட்டுவிடச் சொன்னேன். பறிப்பு முடிந்திருந்ததால் பெரியவர் மறுக்கவில்லை.

முதலில் பழைய எபாக்ஸி முழுவதையும் எடுத்தேன், நன்றாக ஒட்டியிருந்ததையும் சேர்த்து. அடுத்து, காற்றழுத்தத்தால் மணலை வீசும், கையில் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிங் கன்னில் மெல்லிய கார்னெட் மணல். ஆற்று மணலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி மீளமுடியாத நோயைத் தரும். காற்றழுத்தத்தைக் குறைத்து, நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தேன். நேராக அழுத்தி அடித்தால் மெல்லிய தகடு குழிந்து நெளிந்துவிடும். பிளாஸ்டிங் முடிந்தபோது குழிகளின் அடி முதல்முறையாக வெள்ளைச் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மணல் புகாத ஆறேழு குழிகளைக் கார்பைடு முனை ஊசியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். அதற்கு மட்டும் ஒரு மத்தியானம் போனது.

பிறகு கழுவியது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ், மறுபடி தண்ணீர். எங்கள் போர்த்தண்ணீர் உப்புத்தண்ணீர் என்பதால் கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். உடனே ஹீட் கன்னால் உலர்த்தல்.

இனி முக்கியமான சோதனை. உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏப்ரல் மாதச் சேலத்தின் வறண்ட காற்றில் உப்புள்ள குழிகூட அடங்கித்தான் கிடக்கும், காட்டிக்கொடுக்காது. அதனால் தகட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே அகலமான அலுமினியத் தட்டில் தண்ணீர் வைத்து ராத்திரி விட்டேன். காலையில் தார்ப்பாயைத் தூக்கினேன். தகடு பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. அதில் அங்கங்கே குழிவாயில் கடுகுக்கும் சின்னதாகத் தேன் நிறத்தில் துளிகள், பொழுது விடியும்போது புல்நுனியில் நிற்பது போல நின்றன. விரலால் தொட்டால் பிசுக்கு. பெயின்ட் மார்க்கரால் வட்டம் போட்டு எண்ணினேன்: நாற்பத்து மூன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரம் பட்ட வெறும் இரும்பு முழுக்க மெல்லிய மஞ்சள் படலம் போடுவது சாதாரணம்; அதற்குப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். குழியில் மட்டும் துளி கட்டுவதுதான் உப்பின் அடையாளம்.

மறுபடி பிளாஸ்டிங், மறுபடி வெந்நீர், மறுபடி தார்ப்பாய். இரண்டாம் நாள் காலை ஆறு துளி. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. பையன் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாளாக அவன்தான் வெந்நீர் தூக்கினான்.

ஆசிட்டை இந்த முறை தொடவில்லை. வெறும் இரும்பு தெரியும்போது அதற்குத் தேவையும் இல்லை. (கடுக்காய்ச் சாறு தடவினால் துரு கறுப்பாகி அடங்கும் என்று டிரைவர் சொன்னார். அது பொய்யில்லை; கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகும், துருமாற்றி என்று விற்கும் பல பொருள்களில் இருப்பதும் அதே துவர்ப்புப் பொருள்தான். ஆனால் அதுவும் தொட்ட துருவை மட்டுமே மாற்றும். குழியடி உப்பை ஒன்றும் செய்யாது.)

கலப்பதும் பூசுவதும்

பாலியஸ்டர் பட்டிப் பழக்கம் கையில் இருப்பவர்கள் எபாக்ஸியில் செய்யும் பெரிய தவறு, ஹார்டனரைக் கண் அளவில் பிழிவது. பாலியஸ்டருக்கு ஹார்டனர் தீக்குச்சி மாதிரி, வேலையைத் தொடங்கிவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு போதும், கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸிக்கு ஹார்டனர் கூட்டாளி மாதிரி. ஒவ்வொரு ரெசின் மூலக்கூறும் ஹார்டனரோடு இணைந்துதான் வலையாகிறது. கூடப் போட்டால் சீக்கிரம் இறுகாது. இணை கிடைக்காத ஹார்டனர் உள்ளே தங்கி, வேலை நிரந்தரமாகத் தொளதொளப்பாக நிற்கும். நான் வாங்கிய டின்னில் எடையில் இரண்டுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தே கலந்தேன். பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, கோடு ஏதும் தெரியாத ஒரே நிறம் வரும்வரை.

சூடும் ஒரு கணக்கு. 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அன்று பட்டறையில் 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். பனித்துளி கட்டும் வெப்பநிலை 20 டிகிரி, தகடோ 34-க்கு மேல். ஈரத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் டின்னில் அச்சிட்டிருக்கும் நேரத்தில் பாதிகூடக் கலவை கையில் நிற்காது. கிண்ணத்தில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததை உடனே தட்டையான தகட்டில் பரப்பி வைத்து எடுத்தேன்.

பூசியதில் நான் செய்த ஒரே புதுமை முதல் பூச்சு. பொடி கலந்த கெட்டி எபாக்ஸியை நேரே அப்பினால் அது குழிவாயின் மேல் பாலம் போட்டுவிடும். அடியில் காற்று சிக்கும். கையால் பிசைந்து அடைக்கும் எபாக்ஸி இந்த வேலைக்குச் சரிப்படாததும் அதனால்தான். ஒழுகும் குழாய்க்கு அது அருமையான பொருள், குழியடியை நனைக்க அதற்கு வழியில்லை. எனவே முதலில் பொடி இல்லாத வெறும் எபாக்ஸி. தகட்டை ஹீட் கன்னால் தொட்டுப் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, சூட்டை நிறுத்தி, குட்டையாக நறுக்கிய பிரஷால் குழிகளுக்குள் குத்திக் குத்தித் தேய்த்தேன். சூட்டில் ரெசின் எண்ணெய் போல இளகி ஓடும். தகடு ஆற ஆறக் குழிக்குள் இருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். அந்தப் படலம் விரலில் ஒட்டும், ஆனால் நூல் இழுக்காது என்ற பதத்துக்கு வந்ததும் மேலே கெட்டி எபாக்ஸியைப் பட்டி பிளேடால் இழுத்தேன். இரண்டும் ஒன்றாகவே இறுகும். நடுவே தேய்க்க வேண்டியதில்லை. ஊசித்துளைகள் பதினொன்றுக்கும் உள்பக்கமிருந்து கண்ணாடி நார்த்துணித் துண்டை எபாக்ஸியில் நனைத்து ஒட்டியிருந்தேன். மொத்தத் தடிப்பு எந்த இடத்திலும் 2 மி.மீ. தாண்டவில்லை. சூட்டில் வெறும் எபாக்ஸி இரும்பைப் போல நாலைந்து மடங்கு விரியும். பொடி கலந்தால் குறையும், ஆனாலும் தடிப்பு கூடக்கூட வெயிலும் குளிரும் மாறிமாறி அதை இழுக்கும்.

மறுநாள் தேய்ப்பதற்கு முன் மேற்பரப்பை வெறும் தண்ணீரும் நார்ப்பஞ்சும் கொண்டு கழுவினேன். எபாக்ஸி இறுகும்போது சில சமயம் மேலே மெழுகு போல ஒரு வழவழப்பு கட்டும். அது தண்ணீரில் போகும், தின்னரில் சரியாகப் போகாது. அதன் மேலேயே உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகைக் கோடுகளுக்குள் தேய்த்து விடுகிறோம், பெயின்ட் உரியும். கழுவிய பிறகு 80, 180, 320 நம்பர் தாள் என்று இறங்கி, எபாக்ஸி பிரைமர், பெயின்ட்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை, தம்பிகளுக்காக. அமீன் ஹார்டனர் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் பிறகு பெரும்பாலும் போகாது. எபாக்ஸி டின்னைத் திறந்தாலே கை தடிக்கும், தொழிலையே விட வேண்டி வரும். நைட்ரில் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள். தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டுபோகும். சோப்புத் தண்ணீர் போதும்.

தண்ணீர் வந்த வழி

இத்தனையும் செய்துவிட்டு அதே கோணிச்சாக்கை விரித்திருந்தால் இந்தத் தகடும் போயிருக்கும். தளத்தின் மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை இரண்டு இருந்தன. காப்பித் தோலும் இலைச் சருகும் அடைத்து, அதன் மேல் பெயின்டும் ஏறியிருந்தது. அதைக் குத்தி 8 மி.மீ. அளவுக்குத் திறந்தேன். மடிப்பின் உட்புறம் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் விட்டு அடித்தேன். சாக்குக்குப் பதில் இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டப் பலகை. வேண்டும்போது தூக்கிக் கழுவலாம். பொட்டாஷ் மூட்டை இனி மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில்தான் ஏறும் என்று பெரியவரே சொல்லிவிட்டார். டிரைவர் உரம் இறக்கிய அன்றே தளத்தை ஹோஸ் போட்டுக் கழுவுகிறார்.

இரண்டு மழைக்காலம் கழித்து

தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டு சுற்று போய்விட்டன. போன மாதம் வண்டியைப் பட்டறையில் நிறுத்திப் பார்த்தேன். பக்கத் தகட்டில் கொப்புளம் இல்லை. நாணயத்தால் தட்டினால் எல்லா இடமும் ஒரே சத்தம். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நார்த்துணி ஒட்டிய பதினோரு இடமும் வறண்டு, ஓரம் தூக்காமல் இருக்கின்றன.

ஒரு குறை இருக்கிறது. சக்கர வளைவும் பக்கத் தகடும் சேரும் மடிப்பில், எபாக்ஸியின் மேல் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், நான்கு விரல் நீளம். அங்கே இரண்டு தகடு சந்திக்கிறது. வண்டி குலுங்கும்போது இரண்டும் தனித்தனியே அசையும். அசையும் மடிப்பின் மேல் எபாக்ஸியை ஒரேயடியாக இழுத்துவிட்டேன். மடிப்பு வரைக்கும் வந்து நிறுத்தி, மடிப்புக்குள் வளைந்து கொடுக்கும் சீம் சீலர் வைத்திருக்க வேண்டும். விரிசலில் இன்னும் துரு நிறம் இல்லை. இப்போதைக்கு மேலே மெழுகு வைத்து மூடியிருக்கிறேன். பறிப்பு முடிந்து ஏப்ரலில் வண்டி வரும்போது அந்த நான்கு விரல் நீளத்தை மட்டும் திறந்து, தார்ப்பாய் கட்டி ஒரு ராத்திரி பார்த்துவிட்டு, சீலர் வைக்கப் போகிறேன்.